முதல் கதையை எங்கே அனுப்புவது?

ஜூலை மாதம் திருத்துவதற்கு வாங்கி வைத்த கட்டுரை நோட்டுகளுக்கு அடியில் இன்னொரு நோட்டு இருந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொருகி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அட்டையில் பெயர் இல்லை. கையெழுத்தை வைத்துத்தான் யாரென்று தெரிந்தது. உள்ளே ஏழு கதைகள். கோவில்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். கவிதை எழுதும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். கதை எழுதுகிறவர்கள் அபூர்வம். மூன்றாவது கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது கூடக் காதில் விழவில்லை.

அது தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் குச்சி அடுக்கிய ஓர் ஆச்சியின் கதை. மிஷின் வந்துவிட்டது, ஆச்சிக்கு வேலை இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கத்தில் அவள் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் படுத்திருக்கும் பேத்தி அந்த அசைவை இருட்டில் எண்ணுகிறாள், இன்றைக்குக் குச்சி சொருகும் கட்டை எத்தனை முடிந்திருக்கும் என்று. அவ்வளவுதான் கதை.

இந்தப் பிள்ளையின் எழுத்து வெளியே வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே, எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. தலைமையாசிரியர், "புத்தகமாவே போட்டுருவோம் டீச்சர், ஆண்டு விழாவுல வெளியிடலாம்" என்றார். கணக்கு ஆசிரியை தன் போனில் கதை எழுதவும் படிக்கவும் இருக்கும் பிரதிலிபி செயலியைத் திறந்து காட்டி, "இன்னைக்கே ஏத்திரலாமே" என்றார். அந்தப் பெண்ணின் அப்பா, "நீங்க என்ன சொன்னாலும் சரிதான் டீச்சர். ஆனா விகடன்ல வந்தா ஊருல நாலு பேருக்குத் தெரியும்" என்றார். மூன்றுமே நடக்கக்கூடிய வழிகள்தான். அதனால்தான் குழப்பம். மூன்று மாதமாக விசாரித்தும் யோசித்தும் நான் வந்து சேர்ந்த இடத்தை எழுதுகிறேன். உங்கள் மேசையிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம்.

ஒவ்வொரு வழியைப் பற்றியும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன். வெளிவருவதற்கு முன்னால் இந்தக் கதையை யார் படிப்பார்? வெளிவந்த பிறகு வேறு எந்தக் கதவு அடைபடும்? எத்தனை பேர் படிப்பார்கள், எவ்வளவு பணம் வரும், எவ்வளவு செலவாகும் என்பவையெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதில்லை. எந்தப் பத்திரிகை அறிவிப்பையும் எடுத்துப் பாருங்கள், எந்தச் சிறுகதைப் போட்டி விதியையும் பாருங்கள்: "இதற்கு முன் வேறெங்கும் வெளியாகாத படைப்பாக இருக்க வேண்டும்" என்ற வரி இருக்கும். வேறெங்கும் என்றால் இணையமும் சேர்த்திதான். முகநூலில் போட்டதையும் வெளியானதாகவே பெரும்பாலான இதழ்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆக, ஒரு கதையை இன்றைக்குப் போனில் ஏற்றிவிட்டால், நாளைக்கு அதை ஓர் இதழுக்கு அனுப்பும் வாய்ப்பு போய்விடுகிறது. தலைகீழாகப் பார்த்தால் அந்தச் சிக்கல் இல்லை. இதழில் வந்த கதையைப் பிறகு தொகுப்பில் சேர்க்கலாம், இணையத்தில் வைக்கலாம், போனிலும் ஏற்றலாம். எனவே இது வரிசை சம்பந்தப்பட்ட விஷயம். அவசரத்தில் முதல் அடியைத் தப்பாக வைத்துவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாது.

முதலில் புத்தகம். தலைமையாசிரியரின் ஆசையில் தப்பில்லை. பிள்ளையின் பெயர் அட்டையில் இருக்கும், பெற்றோர் மேடையேறுவார்கள், பள்ளிக்கும் பெருமை. நானும் ஒருகாலத்தில் இதைச் செய்தவள்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அருமையாகக் கவிதை எழுதினான். நானே முன்னின்று ஒரு பதிப்பகத்தைப் பிடித்தேன். முந்நூறு பிரதிக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அவன் அப்பா நகையை அடகு வைத்துக் கட்டினார். புத்தகம் வந்தது. முதல் கவிதையிலேயே இரண்டு எழுத்துப்பிழை. யாரும் புரூப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. விழாவில் ஐம்பது அறுபது பிரதிகள் போயின, பாதி அன்பளிப்பாக. மிச்சம் அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருந்ததை நானே பார்த்தேன். கல்லூரிக்குப் போன பிறகு நிறையப் படித்தான், ரசனை மாறியது, அந்தக் கவிதைகளைக் கண்டாலே அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அந்தப் புத்தகத்த யாருக்கும் காட்டிராதீங்க டீச்சர்" என்றான். இப்போது எழுதுவதில்லை. புத்தகத்தால்தான் நிறுத்தினான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதினேழு வயதில் எழுதியதைப் பதினேழு வயதிலேயே கெட்டி அட்டைக்குள் போட்டு மூடியதில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த முறையும் விசாரித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் இருநூறு பிரதிக்கு 38,000 ரூபாய் சொன்னார்கள். அதில் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித்தர மட்டும் 2,000 ரூபாய். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது, நாமே விண்ணப்பிக்கலாம். இது தெரியாத பெற்றோர் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். பணம் வாங்கிப் புத்தகம் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் எழுதிய ஒருவர் தன் கைக்காசில் தொகுப்பு போட்டால் அது அவருடைய முடிவு. ஆனால் பணம் கட்டினால் எந்தக் கையெழுத்துப் பிரதியும் புத்தகமாகிவிடும் என்னும்போது, "இந்தக் கதை வேண்டாம், அந்தக் கதையை இன்னும் எழுது" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வளர்கிற பிள்ளைக்கு அந்த ஆள்தான் முக்கியம்.

பணம் வாங்காமல் தன் பொறுப்பில் போடும் பதிப்பகங்களும் இருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதழ்களில் ஏதாவது வந்திருக்கிறதா?" என்றுதான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

வாட்ஸப் குழுக்களில் நடக்கும் தொகுப்பு நூல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நூறு கவிஞர்கள், ஒரே நூல், உலக சாதனை, சான்றிதழ் வழங்கப்படும், பங்களிப்புத் தொகை 400 ரூபாய்" என்று அறிவிப்பு வரும். எங்கள் பள்ளியில் இந்த வருடம் மட்டும் மூன்று பிள்ளைகள் பணம் கட்டியிருக்கிறார்கள். அனுப்பிய அத்தனையும் அச்சாகும். சான்றிதழில் அடைமொழியோடு பெயர் இருக்கும். அந்த நூலை அதில் எழுதிய நூறு பேரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. அவர்களும் தங்கள் பக்கத்தை மட்டும்தான் புரட்டுகிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளை இதில் விடாதீர்கள்.

பிரதிலிபியை அப்படித் தள்ளிவிட முடியாது. 2014-இல் பெங்களூரில் தொடங்கியது. இன்று தமிழில் ஏராளமானவர்கள் அதில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள். வீட்டு வேலை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் தொடர்கதை எழுதும் பெண்கள் எத்தனையோ பேர். எந்த ஆசிரியர் குழுவும் இடம் கொடுக்காதவர்களுக்கு அது இடம் கொடுத்தது, அதை நான் மதிக்கிறேன். இன்று ஏற்றினால் இன்றே யாராவது ஒருவர் படித்துவிட்டு நட்சத்திரம் போடுவார். எழுதுகிறவருக்கு அந்த உடனடிச் சந்தோஷம் பெரிது.

என் தயக்கம் வேறு. அங்கே அதிகம் ஓடுவது தொடர்கதைகள். காதல், குடும்பம், அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்க வைக்கும் முடிச்சு. ஆச்சியின் விரல்களை எண்ணும் மூன்று பக்கக் கதையை அங்கே போட்டால் இருபது பேர் படிக்கலாம், இரண்டு பேர் "அருமை சகோ" என்று எழுதலாம். பதினாறு வயதுப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வருவாள்? நாம் எழுதுவது யாருக்கும் பிடிக்கவில்லை, எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினால்தான் ஆள் வரும் என்று நினைத்துவிட்டால் அந்த ஆச்சி போய்விடுவாள். அதோடு, முன்பே சொன்ன மாதிரி, அந்தக் கதைக்கு இதழ்களின் கதவும் அடைபடும்.

அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம், செலவே இல்லை. ஆனால் கணக்குத் தொடங்கப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயரில்தான் முடியும். அங்கேயும் ஏற்றுவதற்கு முன் கதையைக் கதையாகப் படிக்க யாரும் இல்லை. ஏழு கதையை வைத்துக்கொண்டு அவசரப்பட ஒன்றுமில்லை.

போட்டிகள் பற்றிக் கேட்பார்கள். தமிழ் வளர்ச்சித் துறை பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாவட்ட அளவில் நடத்தும் போட்டியில் முதல் பரிசு 10,000 ரூபாய், அடுத்து 7,000, 5,000. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அவை கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள். அங்கேயே உட்கார்ந்து, கொடுத்த தலைப்பில் எழுத வேண்டும். நல்ல பயிற்சிதான், பணமும் வரும். கதை எழுதுகிறவளுக்கான இடம் அது இல்லை.

சிறார் இதழ்கள் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கிட்டே இருக்கின்றன என்பது நமக்கே தெரிவதில்லை. பள்ளிக் கல்வித் துறையே 2022 முதல் இதழ்கள் வெளியிடுகிறது: நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல், ஆறிலிருந்து ஒன்பது வரை தேன்சிட்டு. பிள்ளைகளின் எழுத்தும் படமும் அவற்றில் வருகின்றன. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுதத் தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம், தேன்சிட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அறிவியல் பக்கம் ஆர்வம் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இருக்கிறது, 1987-இலிருந்து வருகிறது. நாளிதழ்களில் சிறுவர்மலர், சிறுவர்மணி, மாயாபஜார் என்று பக்கங்கள் உண்டு. என் மாணவிக்கு இந்த வழி ஒத்துவரவில்லை. வகுப்பு தாண்டிவிட்டது, கதையும் சிறுவர் கதை இல்லை. பதினாறு, பதினேழு வயது ரெண்டுங்கெட்டான் வயது. சிறுவர் இதழுக்குப் பெரியவள், பெரியவர்களின் இதழுக்குச் சின்னவள்.

வார இதழ்களை அப்பா சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விகடனில் ஒரு கதை வந்தால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி நாலு பேர் படிப்பார்கள், சன்மானமும் வரும். ஆனால் அங்கே வாரத்துக்குச் சில கதைகளுக்குத்தான் இடம். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பேர்பெற்ற எழுத்தாளர்களிலிருந்து எல்லோரும் அனுப்புகிறார்கள். கல்கி மாதிரியான பழம்பெரும் இதழே 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இருந்த இடமும் சுருங்கிவிட்டது. அனுப்பக் கூடாது என்று சொல்ல மாட்டேன். வராத கதைக்குப் பெரும்பாலும் ஒரு வரிப் பதில்கூட வராது என்பதுதான் கஷ்டம். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்த மௌனத்தை முதல் அனுபவமாக அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

மிச்சம் இருப்பது சிற்றிதழ்களும், அவற்றின் வாரிசுகளாக வந்த இணைய இதழ்களும். நீண்ட யோசனைக்குப் பிறகு நான் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான்.

நவீனத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் வளர்ந்ததே சின்னச் சின்ன இதழ்களில்தான். 1933-இல் தொடங்கிய மணிக்கொடி, 1959-இல் சி.சு. செல்லப்பா ஆரம்பித்த எழுத்து, 1965-இலிருந்து கணையாழி. இவற்றை வாங்கியவர்கள் குறைவு. ஆனால் வாங்கியவர்கள் படித்தார்கள். புதிதாக எழுத வருகிறவரின் கதையைக் கவனமாகப் படிக்கும் ஓர் ஆசிரியர் அங்கே இருந்தார். இன்றும் அச்சில் கணையாழி, செம்மலர், காலச்சுவடு என்று இருக்கின்றன. இணையத்தில் சொல்வனம் 2009-இலிருந்து வருகிறது. வாசகசாலை, மலேசியாவிலிருந்து வல்லினம் என்று இன்னும் பல. சன்மானத்தை எதிர்பார்க்க முடியாது. எங்கள் ஊர்க் கடையில் தொங்காது. ஊரில் நாலு பேருக்குத் தெரியாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. கதையை எடுத்துக்கொள்ளும் முன்னால் ஒருவர் முழுதாகப் படிக்கிறார். நல்ல ஆசிரியராக இருந்தால், "கடைசிப் பத்தி தேவையா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒரு கேள்வி ஒரு வருடப் பாடத்துக்குச் சமம். அச்சிதழுக்கும் இணைய இதழுக்கும் நடுவில் எது என்று கேட்டால், முதல் கதைக்கு இணைய இதழ். மின்னஞ்சலில் பதில் சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு. வந்தால் இணைப்பை அனுப்பினால் போதும், அவள் தோழிகளும் கணக்கு டீச்சரும் போனிலேயே படித்துவிடலாம். அச்சிதழ் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த வருடம் பொதுத்தேர்வு இருக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பும் ஒரு பாரம்தான்.

இதழைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி: கடைசியாக வந்த மூன்று இதழ்களைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். "இதுல எது மாதிரி உன் கதை இருக்கு?" என்று கேளுங்கள். என் மாணவி நான்கு இணைய இதழ்களைப் படித்துவிட்டு, ஒன்றை உடனே தள்ளினாள். "இதுல வர்றவங்க எல்லாரும் ரொம்பப் பெரிய வார்த்தையாப் பேசுறாங்க டீச்சர்" என்றாள். நான் கவனிக்காததை அவள் கவனித்துவிட்டாள்.

இனி, இந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். கதையை அனுப்புவதற்கு முன்னால் நானே சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அவள் எழுதியிருந்த வரி இது: "ஆச்சி உறங்கையிலயும் அவ வெரலு கட்டையடுக்கும்." நான் அதை இப்படி மாற்றினேன்: "பாட்டி உறங்கும்போதும் அவளது விரல்கள் தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தன." இலக்கணம் சரி. தேர்வில் முழு மதிப்பெண். அவள் இரண்டு நாள் கழித்து வந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே, "டீச்சர், இது எங்க ஆச்சி இல்ல" என்றாள்.

சுருக்கென்றது. எங்கள் பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்தில் இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர். இரண்டு பேரும் 1923-இல் பிறந்தவர்கள், சின்ன வயதிலிருந்தே நண்பர்கள், இரண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கரிசல் பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்து, அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்தவர் கி.ரா. இதை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். சொல்லிவிட்டு, என் மாணவியின் "கட்டையடுக்கும்" என்ற சொல்லை அடித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கட்டை என்றால் குச்சியை வரிசையாகச் சொருகும் சட்டம். ஒரு கட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. "தீக்குச்சிகளை அடுக்கி" என்று மாற்றியதும் அந்தக் கூலி கதையிலிருந்து போய்விட்டது. பேத்தி இருட்டில் எதை எண்ணுகிறாள் என்பதே தெரியாமல் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எழுத்துப்பிழையை மட்டும் பென்சிலில் வட்டமிடுவேன். ஒற்று மிகும் இடம், ல-ழ-ள, ன-ண, ர-ற. மற்றவற்றுக்கு ஓரத்தில் கேள்வி மட்டும்: "இங்கே யார் பேசுகிறார்?", "இது எந்த மாதம்?" அவளாகவே பதில் தேடி மாற்றினால் மாற்றட்டும். ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகள் பெயரில் வரும் படைப்புகளை நாம் எல்லோரும் ஆண்டு மலர்களில் பார்த்திருக்கிறோம். அதைப் போன்ற துரோகம் வேறில்லை.

இன்னொன்று, அனுப்புவதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்வது. பிள்ளைகள் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். ஏழு கதைகளில் ஒன்றில் குடித்துவிட்டு வரும் சித்தப்பா இருக்கிறார். அதை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டோம். நல்ல கதைதான், ஆனால் அந்தச் சித்தப்பா அதே வீட்டில் இருக்கிறார், இவளும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் வந்தால் யார் வேண்டுமானாலும் அனுப்பி வைப்பார்கள். வேறு ஊர், வேறு உறவு என்று மாற்றி எழுதலாமா என்பது அவள் முடிவு. ஆச்சி கதையை மட்டும் அவள் ஆச்சிக்கே வாசித்துக் காட்டினாள். ஆச்சி கேட்டுவிட்டு, "ஏட்டி, நான் உறக்கத்துலயும் அப்படியா செய்தேன்?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அப்புறம், "போடு, போடு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம்.

உரிமை விஷயத்தில் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் வாழ்நாள் முழுதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் இருக்கும். எழுத்து மூலமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலொழிய அந்த உரிமை வேறு யாருக்கும் போகாது. இதழில் ஒரு கதை வருவதால் உரிமை இதழுக்குப் போய்விடுவதில்லை. ஒப்பந்தம் எதையாவது நீட்டினால் காலம் எவ்வளவு என்று பாருங்கள். காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டாக எடுத்துக்கொள்கிறது. "நிரந்தரமாக", "அனைத்து வடிவங்களிலும்" என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எதுவாக இருந்தாலும் பெற்றோரிடம் பேசித்தான். நல்ல எண்ணத்தில்கூட ஆசிரியர் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது.

தட்டச்சு செய்வதும் ஒரு வேலைதான், அதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். கையெழுத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இணைய இதழ்கள் எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் போனிலும் கணினியிலும் திறக்கும் யூனிகோடு எழுத்தில் அடித்திருக்க வேண்டும். ஊர் டி.டி.பி. கடையில் கொடுத்தால் பழைய எழுத்துருவில் அடித்துத் தருவார்கள், அங்கே திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். என் மாணவி அவள் அம்மாவின் போனிலேயே அடித்தாள். ஒரு கதைக்கு நான்கு ராத்திரி ஆனது. அடிக்கும்போதே இரண்டு பத்தியைத் தூக்கிவிட்டாள். "கையால எழுதுறப்ப தெரியல, அடிக்கிறப்ப சலிப்பா இருந்துச்சு. எனக்கே சலிப்பா இருந்தா படிக்கிறவங்களுக்கு?" என்றாள்.

புத்தகத்தைத் தள்ளிப் போட்டதில் தலைமையாசிரியருக்கு வருத்தம். அவருக்காக ஒரு மாற்று வழி சொன்னேன், ஒப்புக்கொண்டார்: பள்ளியில் ஒரு கையெழுத்து இதழ். ஒரே ஒரு பிரதி. ஏ4 தாள், நூல் கோத்த முதுகு, ஒன்பதாம் வகுப்புப் பையன் வரைந்த அட்டை. நூலகத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மாதம் ஒன்று. செலவு அறுபது ரூபாய்க்குள். கடைசித் தாளைக் காலியாக விட்டோம், படித்தவர்கள் எழுதட்டும் என்று. முதல் இதழின் கடைசித் தாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "இந்தக் கதையில் வரும் நாய் அப்புறம் என்ன ஆச்சு?" என்று எழுதியிருந்தது. கதை எழுதிய பெண் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் அந்த நாயை நடுவில் மறந்தே போயிருந்தாள். ஆண்டு விழாவில் இதழைக் காட்சிக்கு வைக்கலாம் என்றதும் தலைமையாசிரியர் சமாதானமாகிவிட்டார். ஒரே ஒரு பிரதி, பள்ளிக்குள் மட்டும் என்பதால் இதை யாரும் வெளியானதாகக் கணக்கில் எடுக்கப் போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் வெளியே அனுப்பப் போகும் கதையை இதில் வைப்பதில்லை.

"இப்பவே புத்தகம் போட்டாத்தானே பேர் வரும்?" என்று அந்த அப்பா ஒரு நாள் கேட்டார். சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதுக்கே வயது வரம்பு 35 என்று சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பத்தொம்பது வருசம் இருக்கா?" என்றார். கி.ரா.வும் முப்பதைத் தாண்டித்தான் எழுத வந்தார் என்றேன். அவருக்குக் கி.ரா.வைத் தெரியும்; எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. "அப்பச் சரி" என்றார்.

ஆச்சி கதை செப்டம்பர் கடைசியில் ஓர் இணைய இதழுக்குப் போனது. மின்னஞ்சலை அவளே எழுதினாள், நான்கு வரி. வயதைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றேன். கதையைக் கதையாகப் படிக்கட்டும். எடுத்துக்கொண்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம். டிசம்பர் வரை காத்திருப்போம், பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கிருந்து எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டு அச்சிதழ் ஒன்றுக்கு. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிவைத்திருக்கிறேன். எது எங்கே எந்தத் தேதியில் போனது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிவைத்திருக்கிறாள்.

நேற்று அதே நோட்டைக் கொண்டுவந்தாள். எட்டாவது கதை, பாதிதான் இருந்தது. தண்ணீர் லாரி வரும் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். இந்தக் கதையில் ஒரு வரியைக்கூட நான் இன்னும் தொடவில்லை. ஓரத்தில் ஒன்று மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: "குடம் என்ன நிறம்?"